வெற்றிலை பிள்ளைக்கு, வழக்கு ஓவசியருக்கு

மீனம்மாவும் அவள் புருஷன் ராசுவும் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்துக்கு வந்தது எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு. மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளைக் கொளுத்திப்போட்டார்கள். உடுத்த துணியோடு லொறியில் வந்து இறங்கிய சனத்தில் இவர்களும் இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை. பற்றை வெட்டி, மண்சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்து என் வளவுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் தாதி, அவர்களுக்கு 'மிஸ்ஸி'. வேலியால் எட்டிப் பார்த்தால் மீனம்மா எதையாவது பிடுங்கிக்கொண்டு நிற்பாள். கொழுந்து எடுத்துப் பழகிய கை. புல்லையும் இரண்டு கையாலும்தான் பிடுங்குவாள்.

ராசு குடிப்பான். அதை மறைக்கத் தேவையில்லை. சம்பள நாளில் குடிப்பான், மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவான். குடித்துவிட்டு வேலைக்குப் போனதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் மீனம்மா பிறகு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தாள்.

புளியங்குளம் ஊருக்கு உள்ளே ஒற்றைப்பாலைக்குளம் என்று ஒரு நடுத்தரக் குளம். அணைக்கட்டுக்கு அடியால் வயலுக்குத் தண்ணீர் போகும் குழாய் மண் நிரம்பிக் கிடந்தது. மேலே துருசு என்கிற மதகுக் கதவை இறக்கித் தண்ணீரை மறித்துவிட்டு, ஓர் ஆள் கீழ்ப்பக்கத்தால் குழாய்க்குள் தவழ்ந்து போய் மண்ணை அள்ளி வெளியே தள்ளவேண்டும். ராசுவுக்கு அந்தக் கூலிவேலை கிடைத்தது. துருசைத் திறக்க வேண்டுமென்றால், துருசுக்காரர் முதலில் கீழே இறங்கி வந்து, உள்ளே நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வெளியே வந்ததைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் மேலே போவார். குளத்துக்குக் கீழ் வயல் செய்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

துருசுக்காரர் பெயர் இளையதம்பி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கொஞ்சம் வயல், அரசாங்கத்தில் இந்தத் துருசு வேலை, நாலு பெண்பிள்ளைகள். அவருக்கு மேலே ஓவசியர் தில்லைநாதன். குளத்து வேலை முழுவதும் அவர் பொறுப்பு.

எழுபத்தொன்பதாம் ஆண்டு புரட்டாதி மாதம் ஒரு காலை, ஓவசியர் ஜீப்பில் வந்தார். கூட ஒரு பெரிய வயல்காரர். அவருடைய நாற்றுமேடை காய்கிறதாம், உடனே தண்ணீர் விடவேண்டுமாம். துருசு திறக்கப்பட்டது. ராசு குழாய்க்குள் நின்றான். வந்த தண்ணீர் அவனைத் தூக்கிக் கீழ்வாயிலில் இருந்த கல்லில் அடித்தது.

அன்று பகல் வார்டில் நான்தான் நின்றேன். இடுப்புக்கு மேலே முள்ளந்தண்டு போயிருந்தது. காலைக் குண்டூசியால் குத்தினேன், உணரவில்லை. வாயில் இருந்த சேற்றையும் வாந்தியையும் துடைத்தவளும் நானே. சேறு மணந்தது, முதல்நாள் குரக்கன் பிட்டு மணந்தது. சாராயம் மணக்கவில்லை.

நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோருக்குப் போன அறிக்கையில், கூலியாள் குடிபோதையில், சொல்லாமல் குழாய்க்குள் இறங்கினான் என்று ஓவசியர் எழுதினார். அதன் கீழ் இளையதம்பியும் கையெழுத்து வைத்தார். பொலிசும் அதையே எடுத்துக்கொண்டது. விபத்து, குடி, முடிந்தது.

மீனம்மா அதைக் கேட்டுவிட்டு வார்டுக்கு வந்து, ராசுவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"குடிச்சிருந்தாருன்னு எழுதிட்டாங்க மிஸ்ஸி. கால் போனது போயிருச்சு. அத அந்தாளு குடுக்க முடியாது. ஆனா, உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சே தொறக்கச் சொன்னாரா இல்லியான்னு ஊருக்கு முன்னால ஒருத்தர் சொல்லணும்."

"ஆர் சொல்லுறது? இளையதம்பியே?"

"அவரு சொல்லட்டும், இல்ல இவரே சொல்லட்டும். யாராச்சும் சொல்லணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கடைசிவரை அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் அவளைச் சட்டத்தரணி சிற்றம்பலத்தாரிடம், ஊர் வாயில் பிறக்கிராசியாரிடம், கூட்டிப் போனேன். வயதான மனிதர், மூக்குப்பொடி போடுவார். பொலிஸ் வழக்குப் போடாவிட்டால் பாதிக்கப்பட்டவர் நேரே நீதவானிடம் முறைப்பாடு வைக்கலாம் என்று அவர்தான் சொன்னார்.

"அரசாங்க உத்தியோகத்தரைக் கூண்டிலை ஏத்த ஏலுமோ, ஐயா?" என்று நான் கேட்டேன்.

"அவர் கந்தோரிலை எடுத்த முடிவு பிழையெண்டால் கந்தோர் பாக்கும். ஆள் உள்ளுக்கை நிக்கேக்கை திறக்கச் சொன்னது முடிவில்லை, பிள்ளை. அது குற்றம். அதைச் செய்தவர் ஒரு ஆள். ஆளெண்டால் வரத்தான் வேணும்." பிறகு மீனம்மாவைப் பார்த்து, "ஆனால் இழுப்பாங்கள். உன்ர செருப்புத் தேயும்" என்றார்.

"என்கிட்ட செருப்பு இல்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். வழக்கை எடுத்தார்.

இழுத்தார்கள். ஓவசியருக்குக் காய்ச்சல் என்று ஒரு தவணை. அவர் சட்டத்தரணி பரமலிங்கம் வேறு நீதிமன்றத்தில் என்று ஒரு தவணை. கடமையில் செய்ததற்கு ஓர் உத்தியோகத்தரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தமுடியாது என்று ஒரு வாதம் வைத்து, அதைக் கேட்க ஒரு தவணை, அது சரியில்லை என்று நீதவான் சொல்ல இன்னொரு தவணை. வருடம் மாறியது, நீதவானும் மாறினார். வழக்குப் போட்டவர் ஒருநாள் வராமல் விட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று பரமலிங்கம் காத்திருந்தார். மீனம்மா வராமல் விடவேயில்லை. தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. நிற்காதவர் பெயர் விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நீதிமன்றக் கதவு திறக்கமுன் போய் வாகை மரத்தடியில் நிற்பாள். காவலாளி அவளைப் பார்த்துத்தான் நேரம் சொல்வான் என்று ஒரு பகிடி இருந்தது.

ஒரு மூடத்தனமும் செய்வாள். தில்லைநாதன் படியேறி வந்தால் எழுந்து நிற்பாள். "ஏனடி எழும்பிறாய், அவர் எதிரி" என்று நான் அதட்டினால், "பெரிய உத்தியோகத்து ஆளு மிஸ்ஸி, காலு தானா எந்திரிக்குது" என்பாள்.

வீட்டில் ராசு. அவனைப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவனுக்குப் படுக்கைப்புண் வராமல் காப்பது ஒரு முழுநேர வேலை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு மறுபக்கம் புரட்டி, துடைத்து, எண்ணெய் பூசி, சிறுநீர்க் குழாயைக் கழுவி, திரும்பவும் தொடங்கவேண்டும். நான் ஒருமுறை காட்டிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். தவணை நாட்களில் நான் பார்த்துக்கொள்வேன். ராசு வாய் ஓயமாட்டான். "மிஸ்ஸி, என்னிய ஒரு பக்கம் வேக வச்சாச்சு, மறுபக்கம் பொரட்டுங்க" என்பான்.

எண்பத்திரண்டாம் ஆண்டு நடுவில்தான் வழக்கு சாட்சி விசாரிக்கும் விளக்கத்துக்கு வந்தது. சாட்சிகள் மூன்று பேர். மீனம்மா, நான், இளையதம்பி. நாங்கள் இருவரும் துருசடியில் நிற்கவில்லை; குழாய்க்குள் நின்ற ராசுவுக்கும் மேலே பேசினது கேட்கவில்லை. ஜீப்பில் வந்த வயல்காரர் ஓவசியர் பக்கம். அங்கே நடந்ததைச் சொல்லக்கூடியவர் இளையதம்பி ஒருவர்தான். சிற்றம்பலத்தார் அவரிடம் பலமுறை கதைத்து, அழைப்பாணை வந்தால் உள்ளதைச் சொல்வதாக ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். வேலை போய்விடும் என்ற பயம் மனிதருக்கு. ஆனால் ராசுவைப் பார்க்க ஒருநாள் வந்தார். தலைமாட்டில் உட்காராமல் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனார். அதிலிருந்து கொஞ்சம் இளகியிருந்தார்.

தவணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஓவசியரின் பெண்சாதி பத்மாசனி மீனம்மாவின் கொட்டிலுக்கு வந்தா. வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள். மகளுக்குச் சாமத்தியவீடு. வந்து பிள்ளையை வாழ்த்தவேணும் என்று கேட்டா. அவவாக வந்தாவா, ஓவசியர் அனுப்பி வந்தாவா, எனக்கு இன்றுவரை தெரியாது. கண் கலங்கியிருந்தது, அதுமட்டும் உண்மை.

மீனம்மா இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் உடுப்புக் காயவைத்துக்கொண்டு நின்றேன். பத்மாசனி போனபிறகு கேட்டேன்.

"என்னடி செய்தாய்?"

"பொம்பளப்புள்ள பெரிய மனுசி ஆகியிருக்கு. வெத்தில கொண்டாந்து குடுத்தா வாங்காம இருக்க முடியுமா? அது அந்தப் புள்ளைக்குச் சாபம்ல?"

"உங்கடை தோட்டத்திலை அப்பிடி. இஞ்சை என்ன கருத்தெண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியாது. ஐந்து வருடம் எங்களோடு இருந்தும் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் சனம் வழக்காடிக்கொண்டு இருக்கும் வீட்டோடு நன்மை தின்மைக்குப் போகாது. கலியாணம், செத்தவீடு எதற்கும் போகாது. ஒருவர் வெற்றிலை கொண்டுபோய்ச் சொல்லி மற்றவர் அதை வாங்கினால், பகை தீர்ந்தது என்று பொருள். வாயால் சொல்லவே வேண்டாம். தோட்டத்தில் ஐம்பது குடும்பம் ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் இருக்கிறது; சண்டை போட்டவன் வீட்டு நல்லதுக்குப் போகாவிட்டால் எந்த வீட்டுக்கும் போகமுடியாது. அங்கே சண்டை வேறு, வெற்றிலை வேறு.

பின்னேரத்துக்குள் கதை புளியங்குளம் வரை போய்விட்டது. தோட்டக்காட்டாளுக்கு ஒரு தட்டு வெற்றிலை போதும் என்று சந்தையில் ஒருத்தி சிரித்ததை நானே கேட்டேன். அடுத்தநாள் இளையதம்பி சைக்கிளில் சிற்றம்பலத்தாரிடம் போய், தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிற்றம்பலத்தார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது இளையதம்பியும் அங்கே கதிரை நுனியில் இருந்தார்.

"நீங்கள் ரெண்டு பகுதியும் சமாதானமாகியிட்டியள்" என்றார் இளையதம்பி. "பிறகு நான் ஏன் இடையிலை நிண்டு என்ர வேலையைத் துலைக்க? நாளைக்கு ஓவசியரும் நீயும் ஒரு பந்தியிலை இருந்து சாப்பிடுவியள். நான் வெளியிலை நிப்பன். நாலு பொம்பிளைப் பிள்ளையளோடை."

"சமாதானம்னு யாருங்க சொன்னது?"

"வெத்திலை வாங்கினனியெல்லே!"

"புள்ளைக்கு வாங்கினேன்."

"ஐயோ, பிள்ளை!" சிற்றம்பலத்தார் மேசையில் தட்டினார். மூக்குப்பொடி சிந்தியது. "மூண்டு வருசமாய்ப் பொறுத்தனி, இன்னும் ஒரு கிழமை பொறுக்கக்கூடாதோ? கொண்டுபோய்த் திருப்பிக் குடு."

"வாங்கின வெத்திலைய எப்படிங்க திருப்பிக் குடுக்கிறது? அது நான் செய்யமாட்டேன்."

"அப்ப வழக்கு முடிஞ்சுது."

மீனம்மா இளையதம்பியிடம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க அந்த விசேசத்துக்குப் போவீங்களா?"

"போகாமல்? எனக்கு மேலதிகாரி."

"சரி, வாங்க. அங்க பாத்துட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஓவசியருக்கு அரசாங்கம் கொடுத்த குவாட்டஸ் முற்றத்தில் பந்தல். மீனம்மா போனாள், நானும் போனேன். ஒரு சோடி கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய். அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை. பந்தலில் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். தில்லைநாதன் வாசலில் நின்று, மிகவும் சந்தோசமாக, "வா மீனம்மா, வா" என்றார். இவள் அவரைக் கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைக்குப் பதின்மூன்று வயதிருக்கும். நகையும் சேலையும் பாரமாக, வியர்த்துப்போய் இருந்தது. மீனம்மா வளையலைப் போட்டுவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்தாள். "நல்லா இரு தாயி" என்றாள். அதில் எந்த நடிப்பும் இல்லை.

பத்மாசனி வந்து கையைப் பிடித்தா. "வாங்கோ, பந்தி தொடங்கியிட்டுது. சாப்பிட இருங்கோ."

"இல்லம்மா. சாப்பிடல."

"என்ன, ஒரு வாய் கை நனைக்காமல் போறதோ?"

மீனம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனால் கொழுந்து மலையில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குக் கேட்கப் பேசின குரல், பந்தலின் கடைசி வரிசைவரை போனது.

"வெத்தில புள்ளைக்குத் தந்தீங்க, வாங்கினேன். புள்ளைய வாழ்த்த வந்தேன், வாழ்த்திட்டேன். எனக்கும் ஐயாவுக்கும் வெள்ளிக்கிழமை கோர்ட்ல வழக்கு இருக்கு. அது தீராம இந்த வீட்டுச் சோத்துல கைவைக்க முடியாதும்மா. தப்பா நெனைச்சுக்காதீங்க."

பரிமாறிக்கொண்டு நின்றவன் வாளியோடு அப்படியே நின்றான். தில்லைநாதனுடைய முகம் கறுத்துப்போனது. "அவளின்ர கொழுப்பைப் பார்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இவள் மறுபடியும் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். பந்தியில் இலைக்கு முன்னால் இருந்த இளையதம்பி குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டாரா என்று நான் நின்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வருவாரென்று நான் நம்பவில்லை. வந்தார். வேட்டி, வெள்ளைச் சேட்டு, முகம் வழித்திருந்தார்.

முதலில் மீனம்மாவை ஏற்றினார்கள். பரமலிங்கம் எதிர்பார்த்த இடத்திலேயே தொடங்கினார்.

"எதிரியின் வீட்டு வெற்றிலையை வாங்கினாயா?"

"வாங்கினேங்க."

"சாமத்தியவீட்டுக்குப் போனாயா?"

"போனேங்க."

"அப்போது கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது."

"கோவத்துல வந்திருந்தா மொத வருசமே அலுத்துப்போய் வீட்ல இருந்திருப்பேங்க. அந்தப் புள்ள பெரிய மனுசி ஆனதுக்கும், இவரு தொறக்கச் சொன்னதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தார். பரமலிங்கம் அந்த வெற்றிலையை மறுபடி தொடவில்லை.

என் சாட்சியம் சின்னது. வாந்தியைப் பற்றிச் சொன்னேன். "உமக்கு மூக்கு அவ்வளவு நல்லதோ?" என்று பரமலிங்கம் கேட்டார். சனிக்கிழமை வார்டில் இருபது குடிகாரரின் காயத்தைக் கழுவினவளிடம் அதைக் கேட்கக்கூடாது என்றேன். சிலர் சிரித்தார்கள்.

பிறகு இளையதம்பி. கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஓவசியர் ஐயா வந்து திற எண்டவர். ராசு உள்ளுக்கை நிக்கிறான், கீழை போய்க் கூப்பிட்டிட்டு வாறன் எண்டு சொன்னனான். அதுக்கு நேரமில்லை, அவன் எப்பவோ வெளிக்கிட்டிருப்பான், நான் சொல்லுறன் திற எண்டவர். திறந்தனான்."

"அவன் குடித்திருந்தானா?" என்று நீதவான் கேட்டார்.

"இல்லை ஐயா. காலமை நானும் அவனும் ஒரே போத்தில் தேத்தண்ணிதான் குடிச்சனாங்கள்."

"இதை ஏன் முன்பு சொல்லவில்லை?"

"எழுதிக் கொண்டந்து கையெழுத்தை வை எண்டவர். வைச்சனான். பிறகு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

தில்லைநாதன் எதிரே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். மீனம்மா அவரைப் பார்க்கவில்லை. இளையதம்பியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு அடுத்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு வந்தது. கவனயீனத்தால் கடுங்காயம் விளைவித்த குற்றம் நிரூபணம். ஆள் உள்ளே நிற்கிறான் என்று சொல்லப்பட்ட பிறகும் திறக்கச் சொன்னார், கூலியாள் மதுபோதையில் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று நீதவான் வாசித்தார். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் குற்றப்பணமும். ஓவசியர் வந்த வழியே வீட்டுக்குப் போனார்.

நாங்கள் ராசுவிடம் வந்து சொன்னோம்.

"உள்ள போட்டாங்களா?"

"இல்ல. ஒத்திவச்சிட்டாங்க."

"குடிச்சிருந்தேன்னு எழுதினது?"

"பொய்யின்னு வாசிச்சாரு. எல்லாரும் இருந்தாங்க. அந்தாளும் இருந்தாரு."

ராசு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "அப்ப இன்னிக்கு ஒரு கால்போத்தல் வாங்கியாந்தா தப்பில்ல" என்றான். மீனம்மா வாங்கிக் கொடுக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். அவனுடைய சிறுநீரகம் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது. ஒரு கால்போத்தலால் கெடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அடுத்த வருடம் மாரியில் இறந்தான்.

தில்லைநாதனைத் திணைக்களம் வேறு மாவட்டத்துக்கு மாற்றியது. வேலை போகவில்லை. இளையதம்பியைத்தான் நிறுத்தினார்கள். கீழே போய்க் கூப்பிடாமல் துருசைத் திறந்தது ஒழுங்கை மீறிய செயல் என்று கடிதம் வந்தது. மீனம்மா நேரே சிற்றம்பலத்தாரிடம் போனாள்.

"இதுக்கு ஒரு கேஸ் போடலாங்களா?"

"உனக்குச் சாப்பாடு தண்ணி வேண்டாமோ?" என்றார் அவர். ஆனாலும் திணைக்களத்துக்கு முறையீடு எழுதினார். பதில் வரமுதல் நாட்டில் சண்டை பெருத்துவிட்டது. கந்தோரும் மூடியது, சிற்றம்பலத்தாரும் கண்ணை மூடினார். மீனம்மா இரண்டு போகம் இளையதம்பியின் வயலில் கூலி வாங்காமல் களை பிடுங்கினாள். அவர் வேண்டாமென்றார், அவள் கேட்கவில்லை.

இப்போது எண்பத்தொன்பது. இந்த வருடம் சித்திரையில் உடையார்கட்டிலிருந்து வடிவம்மா என்று ஒரு தாய் விசாரித்துக்கொண்டு வந்தா. ரோட்டில் நின்ற மகனைச் சீருடைக்காரர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்த முகாமிலும் இல்லை என்கிறார்களாம். ஒரு உத்தியோகத்தரைக் கூண்டில் ஏற்றின மலைநாட்டுப் பெண் நெளுக்குளத்தில் இருக்கிறா என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மீனம்மா அவவைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"கூட்டிட்டுப் போனவரு பேரு தெரியுங்களா?"

"பேர் ஆர் சொல்லுவினம், பிள்ளை?"

"முகத்தப் பாத்தா அடையாளம் சொல்லுவீங்களா?"

"தொப்பி போட்டிருந்தவங்கள். எல்லாரும் ஒரே மாதிரி."

"தொறக்கச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள் மீனம்மா. "அதனாலதான் அவரு வந்து நிக்கவேண்டியதாப் போச்சு." பேர் தெரியாதவருக்கு அழைப்பாணை அனுப்பமுடியாது.

இருந்த சோற்றைப் போட்டோம். வடிவம்மா பாதிதான் சாப்பிட்டா. வவுனியாவில் இன்னொரு முகாம் இருக்கிறதாம், அங்கேயும் கேட்டுப் பார்க்கவேணும் என்று எழும்பினா. பஸ் வரும்வரை மீனம்மா அவவோடு ரோட்டுக்குப் போய் நின்றாள். அன்று பஸ் வரவில்லை. இருட்டமுன் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நான் இன்னொரு பாய் கொடுத்துவிட்டேன்.